கணினி தெரியாதவரும் எழுதும் விக்கி

விக்கி என்பது வாசிப்பவரே எழுதவும் திருத்தவும் கூடிய இணையதளம். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று உலகின் முதல் விக்கியைத் திறந்துவைத்தார். நிரலாளர்கள் தங்கள் அனுபவக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளத்தான் அது உருவானது. எழுதியவர்களும் வாசித்தவர்களும் கணினித் துறையினரே என்பதால், அது எளிதா கடினமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோதுதான் இந்த முறை எல்லா மக்களுக்கும் உரியதாயிற்று. கேள்வியும் அப்போதுதான் பிறந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் உருவானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்கக் காலத்திலேயே இணைந்து, தளத்தின் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கி, கட்டுரைகளையும் எழுதிக் குவித்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இதற்கு அடித்தளம் இட்டவர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஓர் ஊரின் ஏரிக்கு எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தது என்பது அந்த ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். பாரம்பரிய நெல் வகைகளை உழவர் அறிவார். நாட்டு மூலிகைகளைச் சித்த மருத்துவர் அறிவார். இவர்களில் பெரும்பாலோர் கணினி பழகியவர்கள் அல்லர். இவர்கள் உள்ளே வராவிட்டால், விக்கியில் மென்பொருள், திரைப்படம் பற்றிய பக்கங்கள் பெருகும். ஏரியும் நெல்லும் மூலிகையும் வெறும் தலைப்புகளாகவே நின்றுவிடும். ஆகவே விக்கியை எளிதாக்குவது புதியவருக்குச் செய்யும் சலுகை ஆகாது. அந்த விக்கி முழுமை பெறுவதற்கான வழியே அதுதான்.

குறியீட்டிலிருந்து காட்சித் தொகுப்புக்கு

முதல் தடை எழுதும் இடத்திலேயே இருந்தது. தொடக்கக் கால விக்கிகளில் ‘தொகு’ என்பதை அழுத்தினால், வாசித்த பக்கம் மறைந்து குறியீடுகள் நிறைந்த பெட்டி ஒன்று திறக்கும். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட அதன் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள். இன்னொரு பக்கத்துக்கு இணைப்புத் தர இரட்டைச் சதுர அடைப்பு. துணைத் தலைப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு சமக் குறிகள். இவற்றைக் கற்பது கடினமில்லை. ஆனால் ஒரு நகரத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால், முதல் இருபது முப்பது வரிகளும் தகவல் பெட்டிக்குரிய நெளிவு அடைப்புகளும் செங்குத்துக் கோடுகளுமாகவே இருக்கும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வந்தவர், அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் சோர்ந்துபோவார்.

இதற்குத் தீர்வாக, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ‘காட்சித் தொகுப்பி’யை உருவாக்கியது. பக்கம் எப்படித் தெரிகிறதோ அப்படியே வைத்துக்கொண்டு, கடிதம் தட்டச்சு செய்வதுபோல் எழுத இது உதவுகிறது. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதை எல்லோருக்கும் இயல்பாகத் திறந்துவிட்டார்கள். மென்பொருள் அப்போது பக்குவப்படவில்லை. பக்கங்கள் மெதுவாகத் திறந்தன. சில இடங்களில் தேவையற்ற குறியீடுகள் கட்டுரைக்குள் புகுந்தன. பழைய பங்களிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்ததால், அதே ஆண்டு செப்டம்பரில் அது விரும்புவோர் மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதியாகப் பின்வாங்கியது. பிறகு குறைகள் படிப்படியாகக் களையப்பட்டன; இன்று தமிழ் உட்படப் பல மொழி விக்கிப்பீடியாக்களில் இரண்டு வழிகளிலும் எழுதலாம். புதியவருக்கு உதவும் கருவியைப் பழையவரின் கையில் கொடுத்துச் சோதித்த பிறகே திறக்க வேண்டும் என்பது இந்த நிகழ்வு தரும் பாடம்.

தகவல் பெட்டிகளும் இப்போது படிவமாகத் திறக்கின்றன. ‘மாவட்டம்’, ‘மக்கள்தொகை’, ‘அஞ்சல் குறியீடு’ என்ற கட்டங்களை நிரப்பினால் போதும். சான்று சேர்ப்பதும் அதேபோல் எளிதாகியிருக்கிறது. செய்தியின் இணைய முகவரியை ஒட்டினால் தலைப்பு, நாளிதழின் பெயர், தேதி ஆகியவற்றைப் பெரும்பாலும் கருவியே எடுத்து அடுக்கிவிடுகிறது. தகவல் பெட்டி போன்ற ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் அதன் கட்டங்கள் எவை, எதை எப்படி நிரப்ப வேண்டும் என்ற விளக்கத்தை யாராவது ஒருவர் தமிழில் எழுதி வைத்திருந்தால்தான் அந்தப் படிவம் பயன்படும். விளக்கம் இல்லாத வார்ப்புருவில் கட்டத்தின் பெயர் ஆங்கிலச் சுருக்கமாக நின்று புதியவரைத் திகைக்க வைக்கும்.

தமிழில் தட்டச்சு

ஆங்கில விக்கிகளில் இல்லாத இரண்டாவது தடை தமிழில் உண்டு. விசைப்பலகையில் அச்சிட்டிருப்பது ரோமன் எழுத்து. திரையில் வரவேண்டியதோ தமிழ் எழுத்து. இதற்கென ஒரு மென்பொருளைத் தனியே நிறுவச் சொன்னால், பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். இணைய மையத்திலோ அலுவலகத்திலோ உள்ள கணினியில் எதையும் நிறுவ உரிமையும் இருக்காது. எனவே விக்கித் தளத்துக்குள்ளேயே தட்டச்சு வசதியைச் சேர்த்தார்கள். இப்போது எழுதும் பெட்டியில் சுட்டியை வைத்தாலே மொழிக் குறி தோன்றும். அதில் எழுத்துப்பெயர்ப்பு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகிய முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கன்ட்ரோல் விசையுடன் ‘எம்’ விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

எந்த முறையைப் பரிந்துரைப்பது என்பது ஆளைப் பொறுத்தது. ஆங்கில விசைகள் பழகியவருக்கு எழுத்துப்பெயர்ப்பு உடனே கைகொடுக்கும். ஆனால் ந, ன, ண மூன்றுக்கும் எந்தெந்த விசை, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் எது என்று அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அந்தச் சிக்கல் இல்லை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது முதலாவதன் மேல் புள்ளி தானே விழும். ஆங்கிலம் அறியாதவரும் தமிழ் எழுத்திலக்கணத்தை வைத்தே இதைப் பழகிவிடலாம்.

கைப்பேசி இந்தத் தடையைப் பெருமளவு தளர்த்திவிட்டது. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்த பிறகு, தட்டச்சே அறியாதவரும் சொல்லச் சொல்ல எழுத்தாக்க முடிகிறது. ஒற்றுப் பிழைகளை இன்னொருவர் திருத்திக்கொள்ளலாம். வாக்கியத்தைத் தருபவர் ஒருவர், பிழை பார்ப்பவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கத்தை இதற்கு ஏற்ற வழியாகச் சமூகம் வளர்க்க வேண்டும்.

பழைய எழுத்துருக்கள் தரும் இடர் ஒன்றும் உண்டு. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சு செய்து வைத்த கட்டுரையை விக்கியில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ரோமன் எழுத்துகளே வரும். பல ஆண்டு உழைப்பு வீணாயிற்று என்று எண்ணி அந்த மூத்தவர் பின்வாங்கிவிடுவார். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உதவிப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே அதற்கான வழியைக் காட்டிவிட்டால் ஒரு பெருந்தடை நீங்கும்.

தளம் பேசும் தமிழ்

பொத்தான்களில் உள்ள சொற்கள் புதியவரிடம் தளம் பேசும் முதல் பேச்சு. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதில் தனிக் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். உதவி கேட்கும் இடம் ‘ஒத்தாசைப் பக்கம்’. எழுதிப் பழகும் இடம் ‘மணல்தொட்டி’. மூன்றும் ஊரில் புழங்கும் சொற்கள் என்பதால், அந்தப் பக்கம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் அறிவிப்புகளைத் தமிழாக்கும் பணி டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்களால் நடக்கிறது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் விக்கியை எளிதாக்கச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் இது ஒன்று. அங்கே ஒரு வரியைத் தெளிவான தமிழில் எழுதினால், அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லா விக்கிகளிலும் அது தோன்றும். பிழை அறிவிப்புகளுக்கு முதலிடம் தர வேண்டும். ‘இந்தச் செயல் மறுக்கப்பட்டது’ என்பதோடு நின்றால் புதியவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக அஞ்சுவார். ஏன் மறுக்கப்பட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு வாக்கியம் சேர்த்தால் அவர் தொடர்ந்து எழுதுவார்.

கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம்

கருவிகள் எவ்வளவு எளிதானாலும், ‘எதையாவது அழித்துவிட்டால்?’ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. விக்கியின் அமைப்பே இந்த அச்சத்துக்கு விடையாக இருக்கிறது. ஒவ்வொரு சேமிப்பும் பக்கத்தின் வரலாற்றில் தனிப் பதிப்பாகத் தங்குகிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்பது இரு பத்திகளாக அருகருகே தெரியும். முந்தைய நிலைக்குக் கொண்டுவர ஓரிரு சொடுக்குகள் போதும். இதைச் சொல்லில் விளக்குவதைவிட, புதியவர் தம் கையாலேயே மணல்தொட்டியில் ஒரு பத்தியை அழித்துவிட்டு, மறுகணம் அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்வது நல்லது. பயிற்சியின் முதல் பாடமாக இதுவே அமைய வேண்டும்.

சேமிப்பதற்குமுன் முன்தோற்றம் பார்க்கும் பழக்கமும், என்ன செய்தோம் என்று ஒரு வரியில் தொகுப்புச் சுருக்கம் எழுதும் பழக்கமும் அடுத்த பாடங்கள். ‘ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை திருத்தம்’ என்ற ஒரு வரி இருந்தால், கண்காணிப்பவருக்கு ஐயம் எழாது. தவறான புரிதலால் அந்தத் திருத்தம் நீக்கப்படவும் வாய்ப்புக் குறையும்.

பதில் சொல்ல ஓர் ஆள்

புதியவர் எழுதிய முதல் பக்கம் காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டால், பெரும்பாலும் அவர் மறுபடி வரமாட்டார். கலைக்களஞ்சியத்துக்குச் சான்று தேவை, பதிப்புரிமை உள்ள எழுத்தைப் படியெடுக்கக் கூடாது, தம்மைப் பற்றித் தாமே எழுதக் கூடாது என்பவை நியாயமான விதிகள். அவற்றைப் புதியவர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயமற்றது. நாளிதழ்ச் செய்தியை அப்படியே ஒட்டுபவர் திருட்டு நோக்கத்தோடு செய்வது அரிது; தகவல் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையே காரணமாக இருக்கும். ‘ஐயா, தகவல் நன்று, அதை உங்கள் சொற்களில் எழுதி, செய்தியைச் சான்றாகக் காட்டினால் நிலைக்கும்’ என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதும் ஒரு குறிப்பு அவரைத் தக்கவைக்கும்.

அந்தக் குறிப்புக்குப் பதில் எழுதுவதும் ஒரு காலத்தில் தொழில்நுட்ப வேலையாகவே இருந்தது. வரியை உள்தள்ள முக்காற்புள்ளிகள், கையொப்பமிட நான்கு அலைக்குறிகள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் யார் பேசினார் என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு கருத்தின் முடிவிலும் ‘பதிலளி’ என்ற இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தி எழுதினால் உள்தள்ளலும் கையொப்பமும் தாமே விழும். பழைய பங்களிப்பாளர் ஒருவரைப் புதியவருக்கு வழிகாட்டியாக இணைத்து, அவரிடம் நேரடியாகக் கேட்கும் வசதியும் விக்கிப்பீடியாவில் வந்திருக்கிறது. ஆனால் கேள்விக்கு நாள்கணக்கில் பதில் வராவிட்டால் எந்த வசதியும் பயன்படாது. இந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்க முடியாது. முறை வைத்துக்கொண்டு ஆட்கள்தாம் பார்க்க வேண்டும்.

சிறிய வேலை, முழுப் பயன்

‘ஒரு கட்டுரை எழுதுங்கள்’ என்று சொன்னால் தயங்குபவர், ‘இந்தப் பக்கத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள்’ என்றால் உட்கார்ந்துவிடுவார். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பாக, நூல்களை எழுத்து வடிவில் சேர்த்துவைக்கும் தமிழ் விக்கிமூலம் இதற்கு நல்ல சான்று. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களைப் படவடிவில் தமிழ் இணையக் கல்விக்கழகம் பெருமளவில் வழங்க, அவை எழுத்துணரி மென்பொருளால் எழுத்துகளாக மாற்றப்பட்டு விக்கிமூலத்தில் ஏறின. எழுத்துணரி தவறுவது உண்டு. துணைக்காலை ரகரமாகவும், ரகரத்தைத் துணைக்காலாகவும் படித்துவிடும். பழைய அச்சின் மங்கிய புள்ளிகளை விட்டுவிடும்.

மெய்ப்புப் பார்க்க வருபவருக்குத் திரையின் ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் எழுத்துணரி தந்த பாடம். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தைத் திருத்தினால் போதும். பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. பச்சையாக்குவதற்கு வேறோர் ஆள் வேண்டும் என்ற விதியால் ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடித்துவிடுவார். ஒரு நூலின் அட்டவணையைத் திறந்தால், எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது நிறத்தாலேயே விளங்கும். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். இந்த ஏற்பாட்டில் எளிமைக்கான இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது: வேலை சிறியது, எல்லை தெளிவானது, பயன் கண்ணுக்குத் தெரிகிறது, பிழையைப் பிடிக்க இன்னொருவர் இருக்கிறார்.

பயிற்சிக் கூடம்

2010 கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தகைய கூட்டங்களில் முன்னேற்பாடு இல்லாவிட்டால் எதிர்பாராத இடத்தில் வேலை நின்றுவிடும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகளுக்குமேல் தொடங்க விக்கிமீடியா தளங்கள் இடம் தருவதில்லை. நாசவேலையைத் தடுக்க வைத்த வரம்பு அது. நாற்பது ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் கணினி அறையில் ஏழாவது ஆசிரியருக்கு மறுப்பு அறிவிப்பு வரும். முன்கூட்டியே விலக்குக் கேட்டுப் பெறலாம். அல்லது அவரவர் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கிவரச் சொல்லலாம். கணக்குத் தொடங்கும்போது படத்தில் தெரியும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் சோதனையும் வரலாம். ஆங்கிலம் பழகாதவருக்கு அந்த இடத்தில் அருகில் ஒருவர் உதவ வேண்டும்.

பயிற்சிக்குப் பிந்தைய வாரம்தான் முக்கியமானது. கூடத்தில் எழுதிய ஒரு பத்தியோடு பலர் நின்றுவிடுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அன்று. வீட்டில் தனியாக அமர்ந்து எழுதும்போது எழும் முதல் ஐயத்துக்குப் பதில் கிடைக்காததே. வாட்ஸ்அப் குழு ஒன்றும், அதில் பதில் சொல்ல இருவரும் இருந்தால் தொடர்ச்சி கிடைக்கும்.

காட்டுப்பாக்கம் போன்ற ஓர் ஊரில்

இதுவரை சொன்னதை ஓர் ஊரில் பொருத்திப் பார்க்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் வேகமாக மாறிவரும் பகுதி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் மெட்ரோ தடத்தில் அதற்கும் ஒரு நிலையம் உண்டு. புதிதாகக் குடிவருவோர்க்குப் பகுதியைப் பற்றிய விவரம் தேவை. பல தலைமுறையாக வாழ்வோரிடம் அந்த விவரம் இருக்கிறது. இரண்டையும் இணைக்க இத்தகைய ஊருக்கு இரு வழிகள் உள்ளன.

ஒன்று, ஊரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை வளர்ப்பது. அங்கே வெளியிடப்பட்ட நம்பகமான சான்று உள்ளதை மட்டுமே எழுத முடியும். மக்கள்தொகைக் கணக்கு, அரசு ஆவணம், நாளிதழ்ச் செய்தி ஆகியவை அதற்குப் பொருந்தும். மழைக் காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், பழைய வாய்க்கால் எந்த மனைகளுக்கு ஊடே ஓடியது, இரவில் திறந்திருக்கும் மருந்துக் கடை எது என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. இவற்றுக்குக் குடியிருப்போர் தாங்களே நடத்தும் விக்கி ஏற்றது. இது இரண்டாவது வழி.

மீடியாவிக்கி இலவச மென்பொருள். 2020 செப்டம்பரில் வந்த 1.35ஆம் பதிப்பு முதல் காட்சித் தொகுப்பி அதனுடனேயே வருவதால், முன்புபோல் தனிச் சேவையகச் செயலி ஒன்றை நிறுவ வேண்டியதில்லை. நிறுவுவதற்குத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் போதும். அவர் செய்துதர வேண்டியவை சில உண்டு. காட்சித் தொகுப்பியை இயல்பான வழியாக வைக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சு நீட்சியைச் சேர்க்க வேண்டும். கைப்பேசியில் பக்கங்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். யாரும் கணக்குத் தொடங்கலாம் என்று விட்டுவிட்டால் விளம்பரக் குப்பை சில நாளில் நிறைந்துவிடும். அதனால் உறுப்பினர் கேட்டதும் நிருவாகியே கணக்குத் தொடங்கித் தருவது சிறிய விக்கிக்கு உகந்தது.

மற்றவை சமூகத்தின் வேலை. வெற்றுப் பக்கத்தைக் காட்டி எழுதச் சொல்லாமல், தெரு, நீர்நிலை, கோயில், கடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தலைப்புகள் இட்ட மாதிரிப் பக்கம் தயாராக இருக்க வேண்டும். முகப்பில் ஐந்தாறு இணைப்புகளே போதும். அவற்றில் ஒன்று ‘இங்கே என்ன விடுபட்டிருக்கிறது?’ என்ற பட்டியலாக இருக்கட்டும். எழுத முடியாத முதியவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதுவதும் பங்களிப்பே. இருவர் பெயரும் பதிவாக வேண்டும். தனிநபரின் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அவர் இசைவின்றி ஏறக்கூடாது என்ற விதி முதல் நாளே இருக்க வேண்டும்.

எளிதாக இருக்கிறதா என்று அறிய ஒரே நம்பகமான சோதனைதான் உண்டு. கணினி பழகாத உறுப்பினர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்ல வேண்டும். அருகில் இருப்பவர் வழிகாட்டாமல், அவர் எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லைப் பார்த்து நிற்கிறார், எதை இருமுறை அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த இடங்களைச் சரிசெய்து, வேறொருவரிடம் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். தளத்தை அமைத்தவர் வீடு மாறிப் போனாலும் அது நின்றுவிடாதபடி, கடவுச்சொல்லும் மாதாந்தரக் காப்புப் படியும் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால், அந்த விக்கியை எழுதுபவர்கள் அந்த ஊரை அறிந்தவர்களாகவே இருப்பார்கள்.